படங்களுக்கு மாற்று உரை: எவ்வளவு எழுத வேண்டும்?

கேள்வி: எங்கள் இணைய இதழில் நிழற்படங்களும் புள்ளிவிவர வரைபடங்களும் நிறைய உண்டு. படம் வரும் இடங்களில் கோர்வையற்ற எழுத்துகளும் எண்களுமே காதில் விழுவதாகப் பார்வையற்ற வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு படத்தையும் முழுமையாக வருணிக்க வேண்டுமா?

பதில்: அவர் கேட்டவை படக் கோப்புகளின் பெயர்களாக இருக்கக்கூடும். படத்துக்குப் பதிலாகப் படிப்பதற்கென எழுதி இணைக்கும் குறிப்பே மாற்று உரை. அது இல்லாத படத்தைச் சந்திக்கும்போது, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்களான திரைவாசிப்பான்கள் சில கோப்பின் பெயரையே படித்துவிடுகின்றன. முழு வருணனை தேவையில்லை. அந்தப் படம் அந்த இடத்தில் எதற்காக வைக்கப்பட்டதோ, அதை ஓரிரு வாக்கியங்களில் எழுதினால் போதும். கரைபுரண்டோடும் ஆற்றின் படம் வெள்ளச் செய்தியோடு வந்தால், நீர் பாலத்தின் தளத்தைத் தொட்டுவிட்டது என்பதே வாசகருக்கு வேண்டிய தகவல். அதே படம் ஒளிப்படக் கலை பற்றிய கட்டுரையில் வந்தால், ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கும். தேடல் பொத்தானில் உள்ள உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு ‘தேடு’ என்பதே சரியான உரை. வெறும் அலங்காரப் படங்களுக்கு மாற்று உரை எழுதும் இடமான ‘ஆல்ட்’ (alt) பண்பைக் காலியாக விடுங்கள். பண்பையே நீக்கிவிட்டால் மறுபடியும் கோப்பின் பெயர் ஒலிக்கக்கூடும்.

வரைபடங்களுக்குத்தான் கூடுதல் உழைப்பு தேவை. ‘விற்பனை வரைபடம்’ என்று எழுதுவது தலைப்பை மட்டும் சொல்லிச் செய்தியை மறைப்பதாகும். விற்பனை எந்த ஆண்டுவரை ஏறியது, எப்போது சரிந்தது என்பதை மாற்று உரையில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, முழு எண்களையும் அருகிலேயே அட்டவணையாகக் கொடுங்கள். அட்டவணை பார்வையுள்ளவர்களுக்கும் பயன்படும், அதையும் படமாகவே ஒட்டிவிடாமல் இருந்தால். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று நிறத்தை மட்டும் நம்பினால் நிறக்குறைபாடு உள்ளவர்கள் தடுமாறுவார்கள் என்பதால், கோட்டின் மீதே பெயரை எழுதுவது நல்லது. இணைய அணுகல் வழிகாட்டு நெறிகளின்படி (WCAG), சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் வேண்டும். வரைபடத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான கோடுகளுக்கும் பட்டைகளுக்கும் 3:1 போதும் என்று 2018இல் வெளியான அந்நெறிகளின் 2.1 பதிப்பு வரையறுத்தது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் வருணனையை அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: முதல் வரைவாகக் கொள்ளலாம். படத்தில் தெரியும் பொருள்களை அது பெரும்பாலும் அடையாளம் காணும். ஆனால் வரைபடத்தின் எண்களைத் தவறாகப் படிப்பதும், இல்லாததை இருப்பதாகச் சொல்வதும் உண்டு. அந்தப் படத்தை நீங்கள் எதற்காகத் தேர்ந்தீர்கள் என்பதும் அதற்குத் தெரியாது. ஆகவே கட்டுரையாளரோ ஆசிரியரோ ஒருமுறை திருத்திய பிறகே வெளியிடுங்கள்.