டெனிமில் இலையை வரைய வேண்டாம்: கேள்வி பதில்

இயற்கையை வைத்து டெனிம் கலெக்‌ஷன் செய்ய நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, டெனிமோடு மல்லுக்கட்டியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஜாக்கெட் முதுகில் பெரிய இலை எம்பிராய்டரி போடலாமா?

போடலாம், ஆனால் அதை எல்லோரும் போட்டாயிற்று. ஒரு இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள், மேல்பக்கம் அடர்ந்த நிறம், அடிப்பக்கம் வெளிறி நரம்பு புடைத்திருக்கும். டெனிமும் அப்படித்தான்: நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை, அதனால் பின்பக்கம் வெளிறித் தெரியும். காலரையும் பாக்கெட் மூடியையும் மட்டும் துணியைத் திருப்பிப்போட்டுத் தைத்து, மடிப்புத் தையலை நரம்பு மாதிரி தடித்து நிற்க விடுங்கள். ஒரு கோடுகூட வரையாமல் இலை வந்துவிடும்.

கேள்வி: மரப்பட்டை மாதிரி தேய்ந்த தோற்றம் எப்படிக் கொண்டுவருவது?

டெனிமுக்கு நீலம் தரும் இண்டிகோ சாயம் நூலுக்குள் ஆழமாக இறங்காது. சாயத் தொட்டியிலிருந்து மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வரும் நூல், காற்று பட்டதும் நீலமாகும், மறுபடி முக்கி மறுபடி காற்றில் விட்டு, இப்படிப் பல முறை செய்தாலும் நிறம் வெளிப்புறத்தில்தான் படியும், நடுவில் நூல் வெள்ளையாகவே இருக்கும். தேய்த்தால் உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும், பட்டை உரிகிற மாதிரியேதான். உப்புத்தாளால் கையில் தேய்க்கலாம், வசதி இருந்தால் லேசர். மணலைப் பீய்ச்சியடித்துத் தேய்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தத் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்றுவிடும். துருக்கி 2009-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

கேள்வி: அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் இண்டிகோ சாயம் போட்டால்தானே அது இயற்கை கலெக்‌ஷன்?

கட்டாயம் இல்லை. 1897-ல் செயற்கை இண்டிகோ விற்பனைக்கு வந்தது, இரண்டிலும் நீலம் தருகிற மூலக்கூறு ஒன்றுதான். அவுரியில் ஒவ்வொரு முறையும் ஒரே நிறம் எடுப்பது கஷ்டம், பத்துப் பன்னிரண்டு உடுப்புக்கு அதுவே அழகு, ஐந்நூறு என்றால் தலைவலி. எதைப் போட்டீர்களோ அதை டேக்கில் எழுதுங்கள், போதும்.

கேள்வி: வெள்ளை டெனிமில் செடிகளை வைத்து சயனோடைப் (வெயிலில் நீலமாகப் பதியும் அச்சு) எடுத்தேன், துவைத்ததும் நீலம் போய்விட்டது!

சலவை சோடாவோ காரமான சோப்போ போட்டிருப்பீர்கள், அந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் 1843-ல் கடற்பாசிகளை இப்படிப் பதித்தது காகிதத்தில், அதை யாரும் துவைக்கவில்லை. காரம் இல்லாத லிக்விடில் அலசுங்கள், இல்லையென்றால் உள் லைனிங்கில் மட்டும் வையுங்கள்.

கேள்வி: எந்த எடைத் துணி?

ஒரு சதுர கஜத் துணியின் எடைக் கணக்கில், ஜாக்கெட்டுக்கு 12 அவுன்ஸ், சட்டைக்கு 5 அல்லது 6. வெட்டுவதற்கு முன் ஒரு துண்டைத் துவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்துவிடுங்கள்.

கேள்வி: கடை வைத்திருக்கிறேன். உள்ளூர் டிசைனர்களுக்கு எப்படி உதவலாம்?

முதலில் சாம்பிளுக்குக் காசு கொடுங்கள். "விற்றதும் தருகிறேன்" என்றால் துணி, தையல், வாஷ் எல்லாச் செலவும் அவர் தலையில்தான். இருபது உடுப்பைக் கடனாக வாங்கி மாட்டுவதைவிட நான்கைக் கைக்காசு கொடுத்து வாங்குவது பெரிய உதவி. அப்புறம், மில்களில் குறைந்தபட்ச ஆர்டர் என்று ஒன்று வைத்திருப்பார்கள், தனி ஆளால் அதை எட்டுவது கடினம். மூன்று நான்கு பேரைச் சேர்த்து ஒரே லாட்டில் (ஒரே தடவையில் சாயமேற்றி நெய்த துணியில்) வாங்க நீங்களே ஏற்பாடு செய்யலாம். லாட் விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன்: இரண்டு லாட் துணி கலந்து ஒரு ஜாக்கெட் தைத்தேன், ட்யூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை, வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒரு கை மட்டும் லேசாகச் சிவந்த நீலம். மொத்தமும் பிரிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: அக்கா, நான் ஏற்கனவே இலை எம்பிராய்டரி போட்டுவிட்டேனே?

சரி, பரவாயில்லை. பின்பக்கத்தைத் திருப்பி ஒரு போட்டோ அனுப்புங்கள். சில சமயம் அந்த முடிச்சுப் பக்கம்தான் நன்றாக இருக்கும்.