‘டிஸ்கஸ்’ இருக்க ‘அபவுட்’ எதற்கு?

நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி கேட்கிறார்: “கூட்டக் குறிப்பில் ‘வீ டிஸ்கஸ்டு அபவுட் தி பட்ஜெட்’ என்று எழுதினேன். மேலாளர் ‘அபவுட்’ என்பதை மட்டும் அடித்துத் திருப்பி அனுப்பினார். ‘டாக் அபவுட்’ சரி என்றால் இது எப்படித் தவறு?”

மேலாளர் அடித்தது சரிதான். காரணத்தையும் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது. நாம் ‘டிஸ்கஸ்’ என்றால் ‘பேசு’ என்று மனத்தில் பதித்துவிட்டோம். ‘பட்ஜெட்டைப் பற்றிப் பேசினோம்’ என்று நினைத்து எழுதும்போது அந்தப் ‘பற்றி’ ‘அபவுட்’டாகி ஒட்டிக்கொள்கிறது. இனி ‘டிஸ்கஸ்’ என்றால் ‘அலசு’ என்று நினைத்துக்கொள்ளுங்கள். ‘பட்ஜெட்டை அலசினோம்.’ இங்கே ‘ஐ’ உருபே போதும்; ‘பற்றி’க்கு வேலையில்லை. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கும் உதறிப் பிரிப்பது என்றுதான் பொருள். துணியை அலசி உதறுகிற நமக்கு இது எளிதில் பிடிபடும்.

பெயர்ச்சொல்லான ‘டிஸ்கஷன்’ வேறு. ‘வீ ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் தி பட்ஜெட்’ என்பதில் பிழையே இல்லை. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால்தான் பலருக்கும் கை தவறுகிறது. நைஜீரியர்கள் பேசும் ஆங்கிலத்திலும் இதே ‘அபவுட்’ பரவலாக ஒலிக்கிறது. ஆகவே நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

‘ஐ டிஸ்கஸ்டு வித் தி மேனேஜர்’ என்று நிறுத்துவதும் குறைதான். எதை என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்: ‘ஐ டிஸ்கஸ்டு தி பட்ஜெட் வித் தி மேனேஜர்.’ ‘ஆஸ் டிஸ்கஸ்டு’ என்ற வழக்குத்தொடர் மட்டும் அப்படியே நிற்கும்.

கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய பெரிய பிழை இன்னொன்று. ‘வீ டிஸ்கஸ்டு தட் தி பட்ஜெட் வில் பி ரெட்யூஸ்டு’ என்று எழுதுகிறார்கள். இலக்கணமும் இடிக்கிறது, பொருளும் மங்குகிறது. பட்ஜெட்டைக் குறைக்க முடிவெடுத்தார்களா, பேச்சோடு விட்டார்களா? ஆறு மாதம் கழித்துக் கோப்பைப் புரட்டும் தணிக்கையாளருக்கு அது தெரிந்தாக வேண்டும். முடிவானால் ‘டிசைடட் தட்’. முடிவாகவில்லை என்றால் ‘டிஸ்கஸ்டு வெதர்’, அதாவது ‘குறைக்கலாமா என்று அலசினோம்’.

‘ரிக்வெஸ்ட்’டுக்கும் இதே கதைதான். விடுப்புக் கடிதத்தில் ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ வேண்டாம். ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ்’ போதும். ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ஃபார்’ தாராளமாக இருக்கலாம்.