சீமெந்து விலை ஏறினால் கொந்தராத்துக்காரருக்குக் கூடக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: புதுக்குடியிருப்பில் 850 சதுர அடி வீடு கட்டுகிறோம். மொத்தம் 90 இலட்சம் என்று கொந்தராத்துக்காரரோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். கதவு, யன்னலுக்கு மேலே லிண்டல் போட்டாயிற்று, 60 இலட்சம் கொடுத்துவிட்டேன். சாமான் விலை ஏறிவிட்டதாம், இன்னும் 7 இலட்சம் தந்தால்தான் கூரை என்கிறார். அவரைப் பிடித்துத் தந்தது ஒரு தெரிந்த ஆள். கனடாவில் இருக்கும் அண்ணா வேலையைப் பற்றி வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: விலையேற்றத்துக்கு என்றால் வேண்டாம், தங்கச்சி. மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டவர் சாமான் விலையையும் சேர்த்தே ஒப்புக்கொண்டார். விலை ஏறினால் நீங்கள் பொறுப்பு என்று அந்தத் தாளில் எழுதியிருந்தால் மட்டும் வேறு கதை. அரசாங்க வேலைகளில் அதற்கென்று சூத்திரமே உண்டு. உங்கள் தாளில் இருக்காது.

ஆனால் ஒன்று. ‘அறையோடு பாத்ரூம் வை’, ‘விறாந்தையை நீட்டு’ என்று கனடாவில் இருந்து அண்ணா வட்ஸ்அப்பில் சொல்லியிருப்பார். அது விலையேற்றம் அல்ல, கூடுதல் வேலை. அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். முறைப்படி, கூடுதல் வேலையை எழுத்தில் கேட்டு, விலை பேசிய பிறகுதான் தொடங்க வேண்டும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. அண்ணாவின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். சொன்னது எது, சொல்லாதது எது என்று காட்ட அவைதான் இருக்கின்றன. கொந்தராத்துக்காரர் கேட்கும் 7 இலட்சத்தில் இந்தக் கூடுதல் வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

எனக்குப் பயம் அந்த 7 இலட்சத்தைப் பற்றி அல்ல. லிண்டல் மட்டத்தில் வீட்டுவேலை பாதிகூட முடிந்திருக்காது. நீங்களோ மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்துவிட்டீர்கள். இனி அவர் வராவிட்டால் அவருக்கு என்ன நட்டம்? முடிந்த வேலையை அளந்து காசு கொடுப்பதும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்தைப் பிடித்துவைத்து, மொத்தத்தில் 5 வீதம் வரை சேர்த்து, வெடிப்பு, ஒழுக்கு பார்க்க அதில் ஒரு பகுதியை வழக்கமாக ஒரு வருடம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். இதெல்லாம் அரசாங்கத்தின் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் மாதிரி ஒப்பந்தங்களில் இருக்கிறது. வன்னியில் என் கண்ணில் பட்ட பிரதி எல்லாம் ஆங்கிலம். யார் வாசிப்பது?

கொந்தராத்துக்காரரைப் பிடித்துத் தந்த ‘தெரிந்த ஆள்’ யார்? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீடுகளைச் சுற்றி இப்படியான தரகர்கள் உண்டு. இரண்டு பக்கமும் கொமிஷன் வாங்குவார்கள். கேட்டால் ‘நான் உதவிக்கு வந்தவன்’ என்பார்கள். சமரசம் பேச அவரையே கூப்பிடாதீர்கள். பொலிசுக்குப் போனாலும் ‘இது சிவில் விஷயம்’ என்று பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கட்டட வேலையை அளந்து கணக்குப் போடும் கணிய அளவையாளர் ஒருவரை வெளியில் இருந்து கூப்பிட்டு, முடிந்த வேலையை இரண்டு பேர் முன்னிலையில் அளந்து எழுதி, எல்லோரும் கையெழுத்து வையுங்கள். அதுவரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மாரி வருகிறது, கூரை போடாவிட்டால் சுவர் போய்விடும் என்று கொந்தராத்துக்காரர் வெருட்டுவார். சீமெந்துக்கல் சுவர் ஒரு மாரியில் கரையாது. மேல்வரிக்குத் தறப்பாள் கட்டிவிடுங்கள்.