புது ஃப்ளைட் சிமுலேட்டர்கள் வந்தாச்சு, ஆட்-ஆன் செய்பவர்கள் என்ன செய்வது? மொரீஷியஸ் நண்பர்களுக்குப் பதில்கள்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024, 2025 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கும் வந்துவிட்டது. எக்ஸ்-பிளேன் 12 என்ற வேறொரு சிம் இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் தீவில் விமானம், விமான நிலையம், லிவரி (விமானத்தின் மேல் பெயிண்ட்) என்று சிமில் கூடுதலாகச் சேர்க்கும் ஆட்-ஆன் ஏதாவது செய்துகொண்டிருக்கும் ஆட்கள் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் அதிகமாகச் செய்வது சீனரி (தரை, கட்டடம், விமான நிலையம்), கூடவே கொஞ்சம் கோடிங். பகலில் வேறு வேலை, சிம் வேலையெல்லாம் ராத்திரியில்தான். அதனால் பெரிய கம்பெனிக்காரர் பார்வையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள், தனி ஆளாகச் செய்பவருக்கு எது ஒத்துவரும் என்பதைத்தான் சொல்வேன்.

வாக்வாவிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட்டின் பழைய சிம்) காலத்தில் ஒரு சின்ன இரட்டை எஞ்சின் விமானம் செய்தேன். அதன் வழிவந்த பிரிபார்3டி சிமிலும் ஓடியது. அதை அப்படியே புது சிமுக்குக் கொண்டுபோகலாமா?

அப்படியே என்றால் முடியாது தம்பி. மாடல் செய்த பிளெண்டர் அல்லது 3டிஎஸ் மேக்ஸ் மென்பொருளின் மூலக் கோப்பு பத்திரமாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாய். புது சிம் ஜிஎல்டிஎஃப் என்ற கோப்பு வடிவத்தில்தான் மாடலைக் கேட்கும், பிளெண்டருக்கு அதற்கான எக்ஸ்போர்ட்டர் இருக்கிறது. ஆனால் டெக்ஸ்சரை (மாடல்மேல் ஒட்டும் படம்) மறுபடி செய்யத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் நாம் நிழலையும் அழுக்கையும் டெக்ஸ்சரிலேயே வரைந்து வைப்போம். இப்போது வெளிச்சத்தை சிம் கணக்கிடுகிறது, எது உலோகம், எது எவ்வளவு சொரசொரப்பு என்று தனித்தனி மேப் கொடுக்க வேண்டும். பழையதை அப்படியே ஒட்டினால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி நிற்கும்.

பறக்கும் தன்மையும் அப்படித்தான். பறக்கும் தன்மைக்கான பழைய .air கோப்பில் எண்களைத் தட்டித் தட்டி, "சரி, இப்போது ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை தூக்காது) ஒத்துவருகிறது" என்று விட்டுவிடுவோம். புது முறை இறக்கையின் வடிவம், பரப்பு, எடை எங்கே இருக்கிறது என்பதிலிருந்தே கணக்குப் போடுகிறது. வடிவத் தகவலை ஒழுங்காகக் கொடுத்தால் நன்றாகப் பறக்கும், பழைய தட்டல் எண்களைக் கொண்டுவந்து போட்டால் கோணல் மாணலாகப் போகும்.

உண்மையான தலைவலி கேஜ்தான், அதாவது காக்பிட்டில் இருக்கும் மீட்டர்களும் திரைகளும். எஃப்எஸ்எக்ஸில் சி++ மொழியில் டிஎல்எல் (விண்டோஸ் நிரல் கோப்பு) எழுதி நேரே சிமுக்குள் ஏற்றுவோம், விண்டோஸில் எதை வேண்டுமானாலும் தொடலாம். மைக்ரோசாஃப்ட்டின் 2020 சிம் முதல் அந்தக் கதவு மூடியாகிவிட்டது. எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்டில் திரைகளைச் செய்யலாம், சி++ வேண்டுமென்றால் வெப்அசெம்பிளியாகக் கம்பைல் செய்ய வேண்டும். அது ஓடுவது ஒரு அடைப்புக்குள், கணினியில் கண்ட கோப்பையும் திறக்க முடியாது. உன் எரிபொருள், மின்சாரக் கணக்கெல்லாம் விண்டோஸ் அழைப்புகளோடு பின்னிக் கிடந்தால் திரும்ப எழுது, வேறு வழியில்லை. எழுதும்போது அந்தக் கணக்குகளைத் தனி நூலகமாக வை, எந்த சிமில் ஓடுகிறோம் என்று அதற்குத் தெரியவே கூடாது. மேலே மெல்லிய ஒட்டுப் படலம் ஒன்று எம்எஸ்எஃப்எஸ்ஸுக்கு (மைக்ரோசாஃப்ட் சிம்), ஒன்று எக்ஸ்-பிளேனுக்கு. அடுத்து எந்த சிம் வந்தாலும் படலத்தை மட்டும் மாற்றினால் போதும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதைச் செய்.

ரோஸ் ஹில்லிலிருந்து: உலகம் முழுவதையும் அவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இனி நாம் விற்க என்ன மிச்சம்?

பாதி உண்மை. எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் தரை டெக்ஸ்சர், மலை உயர மெஷ், புகைப்படத் தரை, மேகம், வானிலை எஞ்சின் என்று ஒரு பெரிய கடைத்தெருவே இருந்தது. 2020ல் பிங் மேப்ஸ் படங்கள், சுமார் 37,000 விமான நிலையங்கள், மீட்டியோபுளூ என்ற வானிலை நிறுவனத்தின் நேரடி வானிலை எல்லாம் பெட்டிக்குள்ளேயே வந்ததும் அந்தத் தெருவில் பல கடைகளுக்கு வேலையில்லாமல் போனது. சிம்மின் ஓட்டையை அடைத்துப் பிழைத்தவர்களுக்கு ஓட்டை அடைபட்டதும் பிழைப்பு போனது, அவ்வளவுதான். இன்றைக்கும் "சிம்மில் இது நன்றாக இல்லை, நான் சரிசெய்து விற்கிறேன்" என்று தொடங்குபவரைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, அடுத்த சிம் அப்டேட்டில் அவர்களே அதைச் சரிசெய்துவிடலாம்.

ஆனால் அந்த 37,000ல் 2020 வெளியானபோது கையால் செய்தவை எத்தனை தெரியுமா? சாதாரணப் பதிப்பில் 30, விலை உயர்ந்த பதிப்பில் 40. மீதியெல்லாம் தரவையும் செயற்கைக்கோள் படத்தையும் வைத்துத் தயாரானவை. நம் பிளேசான்ஸ் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013ல் திறந்த முனையம் விசிறி வாழையின் வடிவத்தை மனதில் வைத்துக் கட்டியது. எந்த அல்காரிதமும் அந்தக் கூரையை ஊகித்து வரையாது. ரொட்ரிக்ஸ் தீவில் பிளேன் கோராய் விமான நிலைய ரன்வே நீளம் ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர்தான், ஏடிஆர் என்ற சின்னப் பயணி விமானம் இறங்கும் இடம். கடல் காற்றில் அங்கே இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அதை ஒழுங்காகச் செய்து தர சிமைச் செய்யும், போர்தோவில் இருக்கும் அசோபோ ஸ்டுடியோவுக்கு அவசரம் எதுவும் இல்லை.

பியேத்தர் போத் மலையைப் பாருங்கள். உச்சியில் தலை மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்தப் பாறைதான் 820 மீட்டர் மலைக்கே முகம். உயர வரைபடத்தில் ஒரு புள்ளிக்கு ஒரே ஓர் உயரம்தான் இருக்க முடியும். அதனால் கழுத்து ஒடுங்கி, தலை பெருத்து வெளியே நீட்டும் பாறை அதில் வரவே வராது, வெறும் கூம்புதான் கிடைக்கும். பாறையைத் தனி மாடலாகச் செய்து மேலே வைக்க வேண்டும். லகூன் நிறம், பவளப்பாறை விளிம்பில் நுரை, புளூ பே பக்கத்துத் தண்ணீர், இவையும் தினமும் பார்ப்பவன் கைதான் செய்ய முடியும். மிச்சம் இருப்பது இதுதான். சின்னச் சந்தைதான், ஆனால் யாரும் வந்து பிடுங்க மாட்டார்கள்.

கத்ர் போர்னிலிருந்து ஒரு தங்கச்சி, கணக்கர் வேலை: சிமுக்குள் இருக்கும் மார்க்கெட்பிளேஸில் விற்பதா, வெளியே கடைகளில் விற்பதா?

கன்சோல்காரர் வேண்டுமென்றால் மார்க்கெட்பிளேஸ் தவிர வேறு வழியில்லை. எக்ஸ்பாக்ஸிலும் பிஎஸ்5லும் கம்யூனிட்டி ஃபோல்டர் (வெளி ஆட்-ஆன்களைப் போடும் இடம்) என்று ஒன்று கிடையாது, நீ உன் இணையதளத்தில் ஜிப் கோப்பு வைத்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. வாங்குபவர் கூட்டம் பெரிது, திருட்டுப் பிரதி பயம் குறைவு, பணம் வாங்கும் வேலையை அவர்களே பார்க்கிறார்கள். அதற்குப் பங்கு எடுப்பார்கள். ஒப்பந்தத்தில் அந்த விகிதத்தையும், எந்த நாணயத்தில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பணம் வரும் என்பதையும் படி. உனக்குத் தெரியாத கணக்கா!

வலி அப்டேட்டில்தான். ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினால் அவர்கள் சோதித்து வெளியிடும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஒரு நட்சத்திர விமர்சனம் உன் பெயரில்தான் விழும். சொந்தக் கடையிலோ வெளிக் கடையிலோ விற்றால் அன்று ராத்திரியே திருத்தம் போய்விடும். பிசிக்காரர்களுக்கு முதலில் வெளியே விற்று, பிழைகளெல்லாம் அடங்கிய பிறகு மார்க்கெட்பிளேஸுக்குக் கொண்டுபோ என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்று. வெளியே ஒரு .exe ஓடி, சிம்கனெக்ட் என்ற இணைப்பு வழியாக சிமோடு பேசும் விமானங்கள் இருக்கின்றன, ஃபீனிக்ஸ் ஏ320 அப்படித்தான். ஆழமாகச் செய்ய அது அருமையான வழி, ஆனால் கன்சோலில் ஓடாது. எந்தக் கடையில் விற்கப் போகிறாய் என்பதை முதல் வரி கோடு எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டும், பிறகு மாற்றினால் வீட்டை இடித்துக் கட்டுவது போல.

போர்ட் லூயிஸிலிருந்து: 2020க்கும் 2024க்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டுமா?

2020க்குச் செய்தவை பெரும்பாலும் 2024ல் ஓடும், மார்க்கெட்பிளேஸில் வாங்கியவையும் பெரும்பாலும் அங்கே தெரியும். திரும்பிப் போக வழியில்லை, 2024 எஸ்டிகேயில் (ஆட்-ஆன் கட்டும் கருவித் தொகுப்பு) கட்டியதை 2020ல் போட முடியாது. விமான நிலையம் என்றால் இரண்டுக்கும் சோதித்து ஒரே விலையில் கொடுங்கள். விமானம் என்றால் கதை வேறு. 2024ல் வெளியே இறங்கிச் சுற்றிப் பார்த்துப் பரிசோதிக்கிறார்கள், சக்கரக் கட்டை, மூடிகள் எல்லாம் எதிர்பார்க்கிறார்கள், மாடலையே துண்டு துண்டாக அடுக்கும் புது முறை வந்திருக்கிறது. உங்களிடம் ஒரே ஒரு ஆளின் நேரம்தான் இருக்கிறது என்றால் 2024க்கு மட்டும் செய்யுங்கள்.

பொ பாசினிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, நான் வாங்குபவன். 2020ல் காசு கொடுத்து வாங்கிய அதே விமானத்துக்கு 2024லும் காசு கேட்கிறார்கள். இது நியாயமா?

ஐயா, சில இடத்தில் நியாயம், சில இடத்தில் வெட்கக்கேடு. மேலே சொன்ன மாதிரி மாடலைத் திரும்பத் துண்டாக்கி, டெக்ஸ்சர் மாற்றி, சுற்றிப் பார்க்கும் வசதி செய்தவர் பழைய வாடிக்கையாளருக்குக் குறைந்த விலை வைத்துக் கேட்டால் கொடுங்கள், அது பல மாத உழைப்பு. பெட்டியின் மேல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு முழு விலை கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்து நியாயம் ஒன்றும் உண்டு. 2020 வெளியானபோது பத்து வருடத் திட்டம் என்றுதான் பேச்சு, 2023 ஜூனிலேயே அடுத்ததை அறிவித்துவிட்டார்கள். பத்து வருடம் விற்கலாம் என்று விலை வைத்தவர்களின் கணக்கு அன்றைக்கே தப்பிப்போனது.

மாயேபூரிலிருந்து ஒரு மாணவர்: எக்ஸ்-பிளேனா, எம்எஸ்எஃப்எஸ்ஸா, எதில் தொடங்கலாம்?

பழக எக்ஸ்-பிளேன். விமானம் செய்யும் பிளேன் மேக்கர், விமான நிலையம் செய்யும் டபிள்யூஇடி இரண்டும் இலவசம். விமான நிலையம் செய்து சீனரி கேட்வே என்ற அவர்கள் தளத்தில் கொடுத்தால், ஏற்றுக்கொண்ட பிறகு அது சிமோடேயே எல்லோருக்கும் போய்ச் சேரும், காசு வராது, கை பழகும். பிளகின் எழுத இன்னும் நேரடி சி++தான், அடைப்பெல்லாம் கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விற்க எம்எஸ்எஃப்எஸ், கூட்டம் அங்கேதான். எம்எஸ்எஃப்எஸ்ஸிலும் எஸ்டிகேக்குத் தனிக் காசு இல்லை, டெவலப்பர் மோடை இயக்கினால் மேலே வரும் மெனுவிலேயே கிடைக்கும்.

இணைய வேகம் பற்றியும் கேட்டிருந்தாய். 2024 நிறைய விஷயத்தைச் சர்வரிலிருந்து இழுக்கிறது. குறைந்தபட்சம் 10 எம்பிபிஎஸ், பரிந்துரைப்பது 50 என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் உன் கம்யூனிட்டி ஃபோல்டரில் இருப்பது உன் வட்டிலிருந்துதான் ஓடும், சோதிக்கப் பிரச்சினை வராது. புயல் வந்து இணைப்பு போன நாளில் மாடல் செய், அதற்கு சிம் தேவையில்லை.

க்யூர்பிப்பிலிருந்து: நாளைக்கு இந்த சிமையே மூடிவிட்டால்?

மூடியிருக்கிறார்கள், பயம் வீணானதல்ல. எஃப்எஸ்எக்ஸ் செய்த ஏசஸ் ஸ்டுடியோவை 2009 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கலைத்தது. 2012ல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் என்று ஒன்று வந்தது, வெளி ஆட்கள் செய்யும் ஆட்-ஆனுக்கு அதில் இடமே வைக்கவில்லை, அதே வருடம் ஜூலையில் வேலையை நிறுத்தினார்கள். டவ்டெயில் கம்பெனியின் ஃப்ளைட் சிம் வேர்ல்ட் 2017ல் முன்னோட்டமாக வந்து 2018ல் போனது. இதற்கு நடுவே 2006ல் வந்த எஃப்எஸ்எக்ஸ், அதைச் செய்த ஸ்டுடியோ இல்லாமலே, வெளி ஆட்களின் ஆட்-ஆன்களைப் பிடித்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. இதை மைக்ரோசாஃப்ட்டும் பார்த்துவிட்டது, அதனால்தான் 2020லிருந்து எஸ்டிகேயும் கடையும் முதல் நாளிலிருந்தே இருக்கின்றன. மூடினாலும் உங்களிடம் மிஞ்ச வேண்டியது மூலக் கோப்புகளும் நீங்கள் எடுத்த புகைப்படங்களும் அளவுகளும். கம்பைல் ஆன பேக்கேஜை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மார்க்கெட்பிளேஸில் போகும் பேக்கேஜ் பூட்டிய நிலையில்தான் வரும், அதிலிருந்து திரும்ப எடுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

ஃப்ளாக்கிலிருந்து: ஏர் மொரீஷியஸ் லிவரி செய்து விற்கலாமா? ட்ரோனில் பிளேசான்ஸைப் படம் எடுக்கலாமா?

லிவரியை இலவசமாகக் கொடுப்பதைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. காசு வாங்கினால் அந்த வால் சின்னம் இன்னொருவர் சொத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் கற்பனைக் கம்பெனிப் பெயர் போட்டு விற்கலாம். ட்ரோனை விமான நிலையம் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மாயேபூர் சாலையிலிருந்தும், பயணம் போகும்போது ஜன்னல் இருக்கையிலிருந்தும் எடுத்த படங்களே முனையத்தைச் செய்யப் போதும். ஜன்னல் இருக்கைக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.