கரை சேர்ந்த பிறகும் முடியாத இரவு
வாசகர் கேள்விகளுக்கு மனநல ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: பாம்பனுக்கு அருகில் ஒரு மீனவக் கிராமத்தில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு பங்குனி மாதம் என் தம்பி தொழிலுக்குச் சென்ற விசைப்படகு, அடிப்பலகை உடைந்து நீர் புகுந்ததால் மூழ்கிவிட்டது. இரவு முழுவதும் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களில் எங்கள் மாமன் மகன் மட்டும் விடிவதற்குள் கடலோடு போய்விட்டான். அடுத்து வந்தது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் தம்பி வீட்டிலேயே இருந்தது எங்களுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. ஜூன் மாதம் எல்லோரும் கடலுக்குச் செல்ல அனுமதி டோக்கன் வாங்கிப் புறப்பட்டபோதுதான் அவன் கடற்கரைப் பக்கமே போவதில்லை என்பதைக் கவனித்தோம். பாத்திரம் விழுந்தால் துள்ளி எழுகிறான், குழந்தையிடம் காரணமின்றிச் சீறுகிறான், குடிக்காமல் அவனால் தூங்க முடியவில்லை. ஒரு நாள் போதையில், "கையை விட்டுட்டேன்க்கா" என்று அழுதான். மறுநாள் கேட்டபோது அப்படிச் சொல்லவே இல்லை என்றான். அம்மா இதைப் பயந்த கோளாறு என்று சொல்லி இரண்டு முறை மந்திரித்து வந்தார். மருத்துவரிடம் அழைத்தால், "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறான். இது தானாக ஆறிவிடும் துக்கமா, ஆலோசனைக்குப் போக வேண்டிய நிலையா?
- ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, கடிதத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் தம்பிக்கு முறையான உதவி தேவை என்பதையும், அதை இனித் தள்ளிப்போடக் கூடாது என்பதையும் தயக்கமின்றிச் சொல்வேன்.

உயிர் போய் மீண்ட ஒருவருக்கு முதல் சில வாரங்கள் தூக்கம் வராமல் இருப்பதும், காட்சிகள் திரும்பத் திரும்பக் கண்முன் வருவதும், உடல் நடுங்குவதும் இயல்பானவையே. பெரும்பாலானவர்களுக்கு, உறவினர் அருகிருக்க, அன்றாட வேலைகள் மெல்லத் திரும்ப, அவை தாமாகவே குறைந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் குறையாமல் இருந்தாலோ, முன்பைவிடக் கூடினாலோ அதை வெறும் துக்கம் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் ஓராண்டுக்கும் மேல் ஆகிவிட்டது.

நாள் கணக்கைவிட நான் முக்கியமாகக் கருதும் அடையாளம் ஒன்று உண்டு. துக்கத்தில் இருப்பவருக்கு, நடந்தது எவ்வளவு வலித்தாலும், அது நடந்து முடிந்துவிட்டது என்பது தெரிந்திருக்கும். மனக்காயம் ஆறாதவருக்கோ அது இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. பாத்திரம் விழும் ஓசைக்கு அவர் உடல் துள்ளுவது அடுக்களையில் அல்ல, அந்தப் படகில். இப்படி ஆபத்து இந்த நிமிடமும் இருக்கிறது என்று உடல் நம்புவது, காட்சிகள் கனவாகவும் விழிப்பிலும் திரும்பி வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் மனிதரையும் பேச்சையும் தவிர்ப்பது ஆகிய மூன்றையும் மருத்துவர்கள் சேர்த்துப் பார்ப்பார்கள். முதலில் கடலைத் தவிர்த்தவர், பிறகு கடற்கரையையும் தவிர்க்கிறார். மாமன் வீட்டு வாசலுக்கு அவர் இப்போது போகிறாரா என்று கவனித்துப் பாருங்கள். ஒருவர் நடமாடும் வட்டம் இப்படி ஆண்டோடு ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்தால், அவர் வாய்விட்டு அழாவிட்டாலும், உதவி தேவைப்படுகிறது என்றே பொருள்.

"கையை விட்டுட்டேன்" என்ற சொல்லைப் படித்ததும் உங்கள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பிழைத்து வந்தவர்கள் பலர் இத்தகைய ஒரு வாக்கியத்தைத்தான் நெஞ்சில் சுமந்து திரிகிறார்கள். "உன் மேல் தப்பில்லை" என்று வீட்டார் ஆயிரம் முறை சொன்னாலும் அது கரைவதில்லை. ஏனெனில் இறந்தவர் அதே வீட்டாருக்கும் உறவினர், அவர்கள் முகத்தைப் பார்த்து முழுவதையும் சொல்ல அவரால் முடியாது. பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் அதைச் சொல்லலாம். மணிக்கணக்கில் குளிர்ந்த நீரில் மிதப்பவரின் விரல்களில் எவ்வளவு வலு மிஞ்சியிருக்கும் என்பதிலிருந்து தொடங்கி, அந்த இரவை நிதானமாக, தாங்கக்கூடிய அளவில், உங்கள் தம்பியோடு சேர்ந்து ஆலோசகர் பார்ப்பார். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லும்படி நல்ல ஆலோசகர் வற்புறுத்த மாட்டார். மனக்காயத்திற்கென்று வகுக்கப்பட்ட பேச்சு சிகிச்சைகள் பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் வரை நடக்கும்; சிலருக்குக் கூடுதலாகத் தேவைப்படும், சிலருக்கு மாத்திரையும் சேரும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் தடைக்காலம், உடன் செல்லும் உறவினர்களுக்கும் வாரந்தோறும் வருவதற்கு வசதியான காலம். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

குடி என்பது இங்கே தூக்க மருந்தாகத் தொடங்கியிருக்கிறது. அது ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் பதற்றத்தைக் கூட்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து என்பதால், எவ்வளவு குடிக்கிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே தூக்க மாத்திரை வாங்கித் தருவதும் வேண்டாம். பயம் தெளியட்டும் என்று அவரைப் பிடித்துப் படகில் ஏற்றிவிடுவதும் கூடாது.

"பைத்தியமா?" என்ற கேள்விக்குப் பின்னால், நம் கடற்கரைக்கே உரிய ஓர் அச்சமும் இருக்கலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் உயிரிழந்தார்கள். மனநல சிகிச்சை என்றதும் இந்தப் பகுதியின் மூத்தவர்களுக்குச் சங்கிலி நினைவுக்கு வந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கவும் சொல்கிறது. உங்கள் தம்பி பெறப்போவது வெளிநோயாளியாக வந்து, பேசி, வீடு திரும்பும் சிகிச்சை. எனவே அவரிடம் மனநலம் என்ற சொல்லில் தொடங்காமல், அவரே அவதிப்படும் தூக்கத்தில் தொடங்குங்கள்: "தூக்கம் இல்லாமல் உடம்பு கெடுகிறது, அதற்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம், நானும் கூட வருகிறேன்." ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். அவர் வர மறுத்தால், 24 மணி நேரமும் கட்டணமின்றி இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் நீங்களே தமிழில் பேசி வழி கேட்கலாம். அம்மாவின் மந்திரித்தலைத் தடுக்கத் தேவையில்லை. அது அவர் தன் பிள்ளைக்குச் செய்யும் ஆறுதல். அதையே சிகிச்சையாக எண்ணி நிறுத்திவிடாமல் இருந்தால் போதும்.

சாக வேண்டும் என்றோ, அவனோடு நானும் போயிருக்க வேண்டும் என்றோ அவர் சொல்லத் தொடங்கினால், சமாதானம் சொல்லி நாளைக் கடத்தாமல், தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்த இரவில் எனக்கு ஏழு வயது, அப்பாவின் தோளில் இருந்து பிழைத்தேன். அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவே சொல்லியிருக்கிறேன். கணவர் சென்ற ஆண்டு காலமான பிறகு, காற்று இரைந்தால் கதவைத் திறந்து வைத்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதில் ஆலோசனை பயன் தருமா?
- ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: நிச்சயம் பயன் தரும், அம்மா. கதையாகச் சொல்ல முடிந்த காலம் வரை உங்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. பெருந்துயரைக் கண்ட எல்லோரும் ஆலோசனைக்குப் போக வேண்டியதில்லை. துணையின் இழப்பு, ஓய்வு, தனிமை போன்றவை வரும்போது, பல பத்தாண்டுகள் அடங்கியிருந்த அச்சம் மீண்டும் எழுவதுண்டு. முதலில் இதயம், தைராய்டு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடற்கோளாறும் இரவுப் படபடப்பைத் தரும். பிறகு ஆலோசகரிடம் சென்று, புயலை மட்டும் சொல்லாமல், கணவர் இருந்தபோது காற்று இரைந்த இரவுகளில் எப்படித் தூங்கினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.