காப்புரிமை எண்ணிக்கையும் மாவட்டத்தின் புத்தாக்கமும்

வணக்கம். 2022-23இல் காப்புரிமை விண்ணப்பங்களில் தமிழ்நாடு முதலிடம் என்ற செய்தியிலிருந்து என் ஆய்வைத் தொடங்கினேன். மாவட்டவாரியாக விண்ணப்பங்களை எண்ணி, அதையே புத்தாக்கத்தின் அளவாகக் கொள்வது என் திட்டம். பட்டியல் நெடுகப் பொறியியல் கல்லூரிகள். கோவையின் பம்பு, கிரைண்டர் பட்டறைகளை அதிகம் காணோம். இந்த எண்ணிக்கையை நம்பலாமா?
– ஆய்வு மாணவி, மதுரை

அன்புள்ள ஆய்வாளருக்கு,

விண்ணப்ப எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். சலித்தெடுத்தால் பயன்படும்.

கல்லூரிகள் நிறைந்திருக்கக் காரணம் கட்டணமும் தரவரிசையும். காப்புரிமை விதிகளின் 2021 திருத்தத்துக்குப் பின் கல்வி நிறுவனம் இணையவழி விண்ணப்பத்துக்குக் கட்டுவது 1,600 ரூபாய். பெரிய நிறுவனம் 8,000. விண்ணப்பம் வெளியாகச் சாதாரணமாக 18 மாதம். முன்கூட்டியே வெளியிடக் கோரும் படிவம் 9 கொடுத்து 2,500 கட்டினால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் காப்புரிமை இதழில் வந்துவிடும். உயர்கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை வெளியான விண்ணப்பத்துக்கும் மதிப்பெண் தந்துவந்திருக்கிறது. அதனால் பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. பரிசோதனை கோரும் படிவம் 18 கெடுவுக்குள் போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகிவிடும். யாருமே பரிசோதிக்காத ஒன்று உங்கள் அட்டவணையில் கண்டுபிடிப்பாக ஏறி உட்கார்ந்திருக்கும்.

முதலில் விண்ணப்ப எண்ணைப் படிக்கப் பழகுங்கள். 2016 முதல் அது 12 இலக்கம்: முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும், ஐந்தாவது அலுவலகத்தை, ஆறாவது வகையை. ஐந்தாவது 4 என்றால் சென்னை அலுவலகம். கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் அதற்குள் அடக்கம். அதைத் தமிழ்நாடு என்று எடுத்தால் பெங்களூரு முழுவதும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். ஆறாவது 7 என்றால் பிசிடி என்ற பன்னாட்டுக் காப்புரிமை ஒப்பந்தத்தின் வழி வந்தது, பெரும்பாலும் வெளிநாட்டாருடையது. தனியாக வையுங்கள்.

அடுத்து, விண்ணப்பதாரர் முகவரியை விட்டுவிட்டுக் கண்டுபிடிப்பாளர் முகவரியை எடுங்கள். தலைமையகம் சென்னையில் இருக்கும், ஆய்வுக்கூடம் ஒசூரில் இருக்கும். நான்கு பேர் நான்கு மாவட்டத்தவர் என்றால் ஆளுக்குக் கால் பங்கு. கண்டுபிடிப்பாளரின் முகவரி என்ற இடத்திலும் நிறுவனத்தின் முகவரியே எழுதப்பட்டிருக்கும் விண்ணப்பங்கள் உண்டு. அவற்றைக் கையால்தான் பிரிக்க வேண்டும். மாவட்ட எல்லையும் காலை வாரும்: 2019இல் செங்கல்பட்டு, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி பிரிந்தன, 2020இல் மயிலாடுதுறை. பழைய எல்லைக்குள் எல்லாவற்றையும் கூட்டினால்தான் ஆண்டுகளை ஒப்பிட முடியும். சிறிய மாவட்டங்களுக்கு ஐந்தாண்டுத் தொகை எடுங்கள். இவ்வளவு சிறிய எண்ணில் மூன்று ஆறானதை இருமடங்கு வளர்ச்சி என்று சொல்ல முடியாது. கடைசி 18 மாதத்தை விட்டுவிடுங்கள், அந்த விண்ணப்பங்களில் பல இன்னும் வெளியாகியிருக்காது.

இதற்குப் பின்னும் வழங்கப்பட்டவற்றை மட்டும் எண்ணுங்கள். அவற்றிலும் புதுப்பிப்புக் கட்டணம் தொடர்ந்து கட்டப்படுகிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனத்துக்கு 3 முதல் 6ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு 4,000 ரூபாய், 7 முதல் 10 வரை 12,000. ஆண்டுதோறும் பணம் கட்டி ஒருவர் உயிரோடு வைத்திருக்கும் காப்புரிமைக்கு அவர் கண்ணில் ஏதோ மதிப்பு இருக்கிறது. எனக்குத் தெரிந்த எளிய தரச்சோதனை இதுதான்.

காப்புரிமை புத்தாக்கத்தின் அளவாகுமா என்று அமெரிக்கப் பெருநகரப் பகுதிகளுக்கு ஏக்ஸ், ஆன்செலின், வர்கா என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2002இல் வெளியான கட்டுரையில் சோதித்தார்கள். தொழில் இதழ்களில் அறிவிக்கப்பட்ட புதிய பொருட்களின் 1982ஆம் ஆண்டுப் பட்டியலைக் காப்புரிமைகளோடு ஒப்பிட்டு, காப்புரிமை ஓரளவு நம்பத்தக்க அளவுகோல் என்றார்கள். அதைச் சான்று காட்டுமுன் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் காலத்து அமெரிக்காவில் விண்ணப்பங்கள் வெளியாவதே இல்லை, வழங்கப்பட்டவை மட்டுமே வெளியாயின. நம் விண்ணப்ப எண்ணிக்கைக்கு அந்த முடிவு பொருந்தாது.

கோவைக்கு வருகிறேன். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரின் இறகுக் கோணத்தை மாற்றி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பட்டறைக்காரர் காப்புரிமை கேட்கப் பெரும்பாலும் போவதில்லை. பக்கத்துப் பட்டறை அதைப் பார்த்துச் செய்தால் வழக்காட அவரிடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை. சென்னையின் மென்பொருளுக்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது: காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவின்படி வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாது. ஆகவே எல்லாத் தொழிலையும் ஒரே எண்ணில் அடைக்காதீர்கள். இயந்திரம், வேதியியல், மருந்து ஆகியவற்றுக்குக் காப்புரிமை. பம்புக்கு மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ-யின் நட்சத்திரக் குறியீடு பெற்ற புதிய மாடல்கள். பட்டறைகளுக்கு நேரில் போய், கடந்த மூன்றாண்டில் அச்சு மாற்றி வார்த்த பாகங்கள் எவையென்று கேட்டு எழுதும் கணக்கெடுப்பு. கோவையின் பீளமேட்டிலும் கணபதியிலும் முப்பது பட்டறைகளில் தொடங்குங்கள்.