லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பழுதாகி வருகிறது, ஆனால் இன்னும் ஓடுகிறது. இப்போதே மாற்றணுமா?

மாற்றிவிடுங்கள். ஆனால் புது டிஸ்க் தேடுவதற்கு முன், இன்றைக்கே உங்கள் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸையும் மென்பொருள்களையும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

லேப்டாப் அடிக்கடி உறைகிறது, டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் மஞ்சள் எச்சரிக்கை காட்டுகிறது என்கிறீர்கள். அதில் சி5 என்ற வரியைப் பாருங்கள். படிக்க முடியாமல் போய், டிஸ்க் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கும் செக்டர்களின், அதாவது தரவு பதியும் சிறு பகுதிகளின், கணக்கு அது. அங்கே அடுத்த முறை எழுதும்போது சரியாகப் பதிந்தால் பட்டியலிலிருந்து நீங்கும். பதியாவிட்டால், டிஸ்க் தன்னிடமுள்ள உபரி செக்டர் ஒன்றை அதற்குப் பதில் கொடுத்துவிட்டு 05 என்ற வரியில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். உறைவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்: படிக்க முடியாத ஒரே இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். மவுஸ் நகரும், எதுவும் திறக்காது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்றிருக்கும், வேகமோ பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்.

இன்னொன்று, அந்த மென்பொருள் எண்களை வழக்கமாகப் பதினாறடிமானத்தில் காட்டும். 10 என்று கண்டால் அது 16.

05-இல் சின்ன எண் இருந்து, மாதக்கணக்கில் அசையாமல் நின்றால், நகலை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டலாம். சி5 ஏறிக்கொண்டே போனால் ஒரு நாள்கூட நம்ப மாட்டேன். கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பரப்பு முழுவதையும் படித்துப் பார்க்கும் சோதனையில் முதல் பிழை கண்ட டிஸ்க், பிழையே இல்லாததைவிட அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். அதே ஆய்வில், செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதனால் நீல நிறத்தில் 'நன்று' என்று வந்தாலும் நகல் எடுத்தே ஆக வேண்டும்.

என் தங்கை லேப்டாப்பிலும் இதே மஞ்சள்தான். "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு அண்ணா" என்றாள். அவளுடைய ஆய்வேடு முழுக்க அதில்தான் இருந்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்து அதை முதலில் எடுத்தோம், அப்புறம் படங்கள். அந்த வாரம் முடிவதற்குள் டிஸ்க், விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸிலேயே தெரியாமல் போய்விட்டது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 05, சி5, சி6 (சரிசெய்ய முடியாத செக்டர்கள்) எல்லாம் பூஜ்யமாக இருந்து சி7 (தரவு போய்வரும் வழியில் நேரும் பிழைகள்) மட்டும் ஏறினால், கோளாறு பெரும்பாலும் இணைப்பு கேபிளில்தான். கழற்றி அழுத்தமாக மாட்டிப் பாருங்கள்.

நகல் எடுக்கும்முன், விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை முழுப் பரப்புச் சோதனையோடு ஓட்டச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். தயவுசெய்து வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவைப்பதுதான் அது. சாதாரணமாக நகல் எடுக்கும்போது அடிக்கடி நின்றுபோனால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்டதைக் கடைசியில்தான் தொடும். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது விலைமதிப்பில்லாதது என்றால் தரவு மீட்பு நிபுணரிடம்தான் போக வேண்டும்.

புதிதாகப் போடுவது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியாக (சுழலும் பாகங்கள் இல்லாத டிஸ்க்) இருக்கட்டும். 7 மில்லிமீட்டர் தடிமன்தான், 9.5 மில்லிமீட்டர் இடத்திலும் சட்டம் வைத்துப் பொருத்தலாம். பழைய லேப்டாப்புக்கும் நல்ல வேகம் வரும். கெட்ட டிஸ்க்கை முழுசாக அப்படியே பிரதி எடுக்காமல் (குளோன் செய்யாமல்) விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள், சிதைந்த கோப்புகளும் கூடவே வந்து சேராது. புதியதில் உங்கள் கோப்புகள் ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்த்து முடிக்கும்வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.